சாணியைச் சுற்றியுள்ள புல்லை மாடு ஏன் தின்பதில்லை?

இந்தப் பத்திக்கு வருகிற கேள்விகளில் பாதி மொழி பற்றியவை, மீதி சாப்பாடு பற்றியவை. இந்த மாதம் வந்த ஒன்று இரண்டிலும் சேராது. மெல்பர்னில் இருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். பள்ளி விடுமுறைக்குக் கிப்ஸ்லாந்து பக்கம் ஒரு பண்ணையில் இரண்டு நாள் தங்கினார்களாம். மாட்டுச் சாணம் நல்ல பசளை என்று அப்பம்மா முன்பே சொல்லிவைத்திருக்கிறார். ஏழு வயது மகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்: "அம்மா, சாணியைச் சுத்தித்தானே புல்லு நல்ல பச்சையா இருக்கு. பிறகு ஏன் மாடு அதை மட்டும் சாப்பிடாமப் போகுது?"

"எனக்கே தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார்.

குழந்தை பார்த்தது முழுக்கச் சரி. மேய்ச்சல் நிலத்தில் சாணித் திட்டு விழுந்த இடத்தைச் சுற்றி ஒரு வளையம் போலப் புல் கரும்பச்சையாக, உயரமாக நிற்கும். மற்ற இடமெல்லாம் கத்தரித்தது போல இருக்க, அந்த வளையம் மட்டும் தொடாமல் கிடக்கும். உரம் வேலை செய்கிறது. ஆனால் அந்த உரத்தால் விளைந்த புல் மாட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஏன் என்று பார்த்தால், ஆஸ்திரேலியாவின் ஒரு பெரிய கதையே அதற்குள் இருக்கிறது.

புல்லிலிருந்து புல்லுக்கு

முதலில் கணக்கு. மாடு தின்கிற புல்லில் நைட்ரஜன் என்கிற தழைச்சத்து, பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்து, பொட்டாசியம் என்கிற சாம்பல் சத்து மூன்றும் இருக்கின்றன. பாலுக்கும் உடம்புக்கும் மாடு எடுத்துக்கொள்வது இதில் சிறு பங்குதான். பெரும்பகுதி சாணியாகவும் மூத்திரமாகவும் நிலத்துக்கே திரும்பி வருகிறது. மணிச்சத்து ஏறக்குறைய முழுவதும் சாணியில் வரும். சாம்பல் சத்தில் பெரும்பங்கு மூத்திரத்தில் வரும். தழைச்சத்து இரண்டிலும் இருக்கும். இதைக் கேட்டால், மேய்ச்சல் நிலத்துக்கு உரமே வேண்டாம், மாடே போட்டுக்கொள்ளும் என்று தோன்றும்.

சிக்கல் இரண்டு. மாடு எல்லா இடத்திலும் சமமாகப் போடாது. தண்ணீர்த் தொட்டி, வாசல் கேட், மர நிழல் என்று அது நிற்கிற இடங்களில்தான் அதிகம் விழும். நிலத்தின் தூரத்து மூலையில் தின்று, சத்தை மர நிழலில் கொண்டுவந்து கொட்டுகிறது. வருஷக்கணக்கில் இப்படியே போனால் நிழலடியில் சத்து குவியும், மூலையில் மண் மெலியும்.

இரண்டாவது சிக்கல்தான் அந்தக் குழந்தை கேட்டது. சாணியின் வாடை இருக்கிற புல்லை மாடு ஒதுக்கும். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. மாட்டின் குடலில் இருக்கும் புழுக்களின் முட்டை சாணியோடு வெளியே வருகிறது. அது பொரித்து, குஞ்சுப் புழு ஈரமான புல்லின் மேல் ஏறி நிற்கும். அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றுக்குள் மறுபடியும் போய்விடும். சாணி பக்கத்தில் மேயாத மாடு இதிலிருந்து ஓரளவு தப்பிக்கிறது. ஆட்டுக்கு மாட்டுச் சாணி மேல் அவ்வளவு வெறுப்பு கிடையாது. அதனால்தான் சில பண்ணைகளில் மாடு மேய்ந்த இடத்தில் அடுத்து செம்மறி ஆட்டை விடுகிறார்கள்.

ஒரு மாடு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை சாணி போடும். ஒரு திட்டு, நம் சாப்பாட்டுத் தட்டு அளவு, சுமார் 30 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு திட்டுக்கு ஒரு நாளில் முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல் போகும். வருஷத்துக்கு 300 சதுர மீட்டர். நூறு மாடு இருக்கிற பண்ணையில் மூன்று ஹெக்டேர், அதாவது ஏழு ஏக்கருக்கு மேல், வெறும் சாணியால் மூடப்படும். சுற்றி ஒதுக்கப்படுகிற வளையம் இதைவிடப் பல மடங்கு. இந்தக் கணக்கைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். வட்டத்தின் பரப்பளவு படிக்கிற வயதுக்குச் சரியான பாடம்.

சாணி சீக்கிரம் மண்ணுக்குள் போனால் இதெல்லாம் பிரச்சினையே இல்லை. வாடை போகும், புல் திரும்பக் கிடைக்கும், சத்தும் வேருக்குச் சேரும். போகாவிட்டால் வெயிலில் ஓடு போல இறுகி மாதக்கணக்கில் கிடக்கும். தழைச்சத்தில் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றோடு போகும். பெருமழை வந்தால் இன்னொரு பகுதி ஓடையில் கரைந்து பாசியை வளர்க்கும். அடியில் இருந்த புல் செத்துப்போகும். ஆகவே மேலே கிடக்கிற வரைக்கும் சாணி பாதி உரம்தான். யாராவது அதை மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டும்.

மாடு வந்தது, வண்டு வரவில்லை

ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் சாணி வண்டுகள். மாட்டினங்களும் இந்த வண்டுகளும் லட்சக்கணக்கான வருஷங்களாகச் சேர்ந்தே வாழ்ந்தவை. ஆஸ்திரேலியாவிலும் சாணி வண்டுகள் நூற்றுக்கணக்கான வகை உண்டு. ஆனால் அவை கங்காருவுக்கும் வாலபிக்கும் பழகியவை. கங்காருவின் புழுக்கை சின்னது, உலர்ந்தது, நார் நாராக இருக்கும். மாட்டுச் சாணியோ ஈரமான பெரிய குவியல். இந்த ஊர் வண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

1788-இல் முதல் கப்பல் கூட்டம் சிட்னிக்கு வந்தபோது, வழியில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் வாங்கிய சில மாடுகளும் உடன் வந்தன. வந்த சில மாதங்களில் அவை காட்டுக்குள் ஓடிப்போய்விட்டன. 1795-இல் தென்மேற்கே, இன்றைய கேம்டன் பகுதியில், அவற்றைக் கண்டுபிடித்தபோது கூட்டம் சுமார் அறுபதாகப் பெருகியிருந்தது. அந்த இடத்துக்கே 'கவ்பாஸ்சர்ஸ்', மாட்டு மேய்ச்சல் நிலம், என்று பெயர் வைத்தார்கள். சிட்னியின் தென்மேற்கில் குடியிருக்கும் வாசகர்கள் இன்று கார் ஓட்டிப் போகிற வழிதான் அது.

மாடு பெருகியது. இன்று நாடு முழுக்க இரண்டு கோடிக்கும் மேல். ஒன்றுக்குப் பத்து என்று குறைத்துக் கணக்கிட்டாலும் நாளைக்கு 20 கோடி சாணித் திட்டு. அள்ளுவதற்கு ஆளும் இல்லை, வண்டும் இல்லை. லாபம் அடைந்தது ஈக்கள். புஷ் ஃப்ளை என்கிற சின்ன ஈ சாணியில்தான் முட்டையிடும். ஒரே திட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் கிளம்பும். வடக்கில் பஃபலோ ஃப்ளை மாட்டின் ரத்தத்தையே குடிக்கும். முகத்துக்கு முன்னால் கையை வீசி ஈ ஓட்டுவதற்கு 'ஆஸ்திரேலியன் சல்யூட்' என்று பெயர் வந்தது இப்படித்தான்.

ஒரு அகதியின் கேள்வி

இதை ஒரு கேள்வியாகக் கேட்டவர், வெளியிலிருந்து வந்த ஒருவர். ஜார்ஜ் போர்னெமிசா ஹங்கேரியில் பிறந்த பூச்சியியல் அறிஞர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊரை விட்டுக் கிளம்பி, 1950களின் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவில் வேலைக்குச் சேர்ந்தார். மேய்ச்சல் நிலங்களில் காய்ந்த சாணி அப்படியே கிடப்பதைப் பார்த்தார். அவர் ஊரில் அப்படிக் கிடக்காது. உள்ளூர்க்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி அவர் கண்ணுக்கு மட்டும் விசித்திரமாகத் தெரிந்தது. சாணி தின்னும் பூச்சிகளால் நம் மேய்ச்சல் நிலத்தை மேம்படுத்த முடியுமா என்று 1960-இல் ஒரு கட்டுரை எழுதினார்.

சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்கிற தேசிய ஆராய்ச்சி அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. 1965 முதல் 1985 வரை இருபது வருஷம் சாணி வண்டுத் திட்டம் நடந்தது. தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவில், ஓர் ஆராய்ச்சி நிலையமே வைத்து வண்டு தேடினார்கள். 1788-இல் மாட்டை ஏற்றிய அதே நாட்டுக்கு, அன்றைக்கு விட்டுவிட்டு வந்ததை எடுக்கத் திரும்பிப் போன மாதிரி.

வண்டை அப்படியே விமானத்தில் ஏற்றிவிட முடியாது. கோமாரி போன்ற மாட்டு நோய் கூடவே வந்துவிட்டால் நாட்டின் கால்நடைத் தொழிலே படுத்துவிடும். அதனால் வண்டை விட்டுவிட்டு முட்டையை மட்டும் எடுத்தார்கள். முட்டையின் மேற்பரப்பைக் கிருமிநீக்கம் செய்து அனுப்பி, கான்பராவில் தனிமைப்படுத்தி, கையால் உருட்டிய சாணி உருண்டைகளுக்குள் வைத்து வளர்த்தார்கள். அங்கே பிறந்த தலைமுறைதான் வெளியே விடப்பட்டது. மொத்தம் 43 வகை விடப்பட்டு, 23 வகை நிலைத்தன. ஏறக்குறைய பாதி பிழைக்கவில்லை. புது நாட்டின் மழையும் வெயிலும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

நிலைத்தவை செய்கிற வேலை பெரியது. இவற்றில் பெரும்பாலானவை உருட்டுகிற வகை இல்லை, குடைகிற வகை. சாணிக்கு நேர் அடியில் சுரங்கம் தோண்டி, சாணியைத் துண்டு துண்டாக உள்ளே இழுத்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு முட்டை வைக்கும். சில வகைகள் ஒரு அடிக்கும் கீழே போகும். சத்து நேராக வேர் இருக்கும் இடத்துக்குப் போகிறது. சுரங்கம் வழியே மழைநீரும் காற்றும் இறங்குகின்றன. மேலே சாணி இல்லாததால் ஈக்கு முட்டையிட இடம் இல்லை, குடற்புழுவுக்கும் ஏறி நிற்க வழி இல்லை. வண்டுகள் நிறைய இருக்கும் பருவத்தில் ஒரு சாணித் திட்டு ஓரிரு நாளில் காணாமல் போகும்.

வேலை இன்னும் முடிந்துவிடவில்லை. தெற்கில் வசந்த காலத்தின் தொடக்கத்தில் வேலை செய்கிற வண்டு போதாது. அந்த இடைவெளியை நிரப்ப 2010-க்குப் பிறகு தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் புது வகைகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஊரில் ஏன் இந்தப் பேச்சே இல்லை?

உங்கள் அம்மாவிடமோ மாமியாரிடமோ கேட்டுப் பாருங்கள்: "ஊர்ல சாணி அப்படியே கிடக்குமா?" சிரிப்பார்கள். மாட்டுக்குப் பின்னாலேயே கூடையோடு ஒருத்தர் போவார். வாசல் தெளிக்க, வறட்டி தட்ட, எருக்குழியில் போட என்று சாணிக்கு ஆள் காத்துக்கொண்டிருக்கும். வண்டும் உண்டு, ஆனால் பாதி வேலையை மனிதக் கைகளே செய்துவிடும்.

சாணி ஒரே இடத்தில் குவிகிற சிக்கலுக்கும் நம்மவர்களிடம் விடை இருந்தது. தமிழ்நாட்டில் அதற்குக் கிடை போடுவது என்று பெயர். அறுவடை முடிந்த வயலில் ராத்திரி ஆட்டையோ மாட்டையோ அடைத்து வைப்பார்கள். சாணியும் மூத்திரமும் அங்கேயே விழும். மறுநாள் கிடையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள். இப்படியே வயல் முழுக்கச் சுற்றி வந்து, பிறகு உழுது மண்ணோடு சேர்ப்பார்கள். இன்று ஆஸ்திரேலியப் பண்ணையாளர் மின்வேலியை நகர்த்தி நகர்த்தி மாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மேய விடுவதும் இதே யோசனைதான்.

"ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்று ஒரு பழமொழி உண்டு. மாட்டுச் சாணியின் சத்து மெதுவாகத்தான் கரையும், அதன் பலன் அடுத்த வருஷமும் தொடரும் என்று இன்றைய மண்ணியலும் சொல்கிறது.

லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிற வாசகர்களுக்குக் காட்சி வேறு. அங்கே குளிர்காலம் முழுக்க மாடு கொட்டகையில். சாணியும் மூத்திரமும் தொட்டியில் கூழாகச் சேரும், குளிர் விட்ட பிறகு டாங்கரில் கொண்டுபோய்ப் புல்லில் விடுவார்கள். காரில் போகும்போது பின்சீட்டில் "சீ!" என்று குரல் வருகிறதே, அந்த நாத்தம் இதுதான். அது காற்றில் வீணாகிற அமோனியாவும் கூட. அதனால் இப்போது வானத்தைப் பார்த்துப் பீய்ச்சுவதற்குப் பதில், குழாய்களால் புல்லின் அடியில் விடுகிறார்கள். சில இயந்திரங்கள் மண்ணைக் கீறி உள்ளேயே விடும். வண்டு செய்வதை இரும்பு செய்கிறது.

உள்ளே போனது வெளியே வரும்

இனி நமக்கு நேராகச் சம்பந்தப்பட்டது. மாட்டுக்குள் போவதில் பலதும் சாணியில் வெளியே வரும், மருந்து உட்பட. குடற்புழுவுக்குக் கொடுக்கிற ஐவர்மெக்டின் வகை மருந்துகள் சில வாரங்கள் சாணியில் தங்கி, வண்டின் குஞ்சுகளைக் கொல்லும். இருபது வருஷம் பாடுபட்டுக் கொண்டுவந்த வண்டை ஒரு மருந்துப் புட்டி அழித்துவிடலாம். நல்ல பண்ணையாளர்கள் சாணியைப் பரிசோதித்து, புழு அதிகம் உள்ள மாட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கிறார்கள். வண்டுக்குத் தீங்கு குறைந்த மாக்ஸிடெக்டின் போன்றதைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. பண்ணையில் தங்கப் போனால், "உங்க நிலத்தில் சாணி வண்டு இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். அக்கறை உள்ளவர் அரை மணி நேரம் பேசுவார்.

தோட்டத்துக்கு மூட்டையில் வாங்குகிற மாட்டெருவிலும் இதே கதைதான். மேய்ச்சல் நிலத்தில் களைக்கு அடிக்கிற அமினோபிராலிட், கிளோபிராலிட் போன்ற மருந்துகள் புல்லை ஒன்றும் செய்யாது. மாட்டின் வயிறு வழியே வந்து எருவிலும் தங்கும். அந்த எருவில் நட்ட தக்காளியும் அவரையும் பயற்றையும் இலை சுருண்டு வீணாகும். சோதிப்பது சுலபம்: ஒரு தொட்டியில் எரு கலந்த மண், இன்னொன்றில் எரு கலக்காத மண். இரண்டிலும் பீன்ஸ் விதை போட்டு மூன்று வாரம் பாருங்கள். முதல் தொட்டியில் மட்டும் இலை சுருண்டால் அந்த எருவைக் காய்கறிக்குப் போடவேண்டாம்.

மூட்டையைத் திறக்கும்போது கையுறையும் மாஸ்க்கும் போடுங்கள், வெளியில் வைத்துத் திறங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள், தூள் பறக்காமல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். தொட்டி மண்ணிலும் எருவிலும் லீஜியோனெல்லா என்கிற கிருமி இருக்கலாம். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் கடும் தொற்று வரும். மூட்டையின் மேலேயே எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள்.

பண்ணைக்குப் போனால் இரண்டு விஷயம் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒன்று, மாட்டையோ வேலியையோ தொட்ட பிறகு சோப்பும் தண்ணீரும் போட்டுக் கை கழுவணும்; ஜெல் மட்டும் போதாது. சாணியில் இருக்கக்கூடிய சில ஈ.கோலை வகைகள் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும். மற்றது, ஒரு பண்ணையின் சேற்றோடு இன்னொரு பண்ணைக்குப் போகாமல் காலணியைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

இந்த இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு, பண்ணைக்காரரிடம் அனுமதி வாங்கி, பிள்ளைகளோடு ஒன்று செய்து பாருங்கள். ஓரிரு நாள் பழைய சாணித் திட்டு ஒன்றைக் கையுறையோடு, அடி மண்ணும் கொஞ்சம் சேர்த்து மண்வெட்டியால் எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் வண்டுகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வரும். எண்ணிவிட்டு, பழையபடி அங்கேயே விட்டுவிடுங்கள். எடுத்த இடத்தில் சுரங்க ஓட்டைகளும் தெரியும்.

மெல்பர்ன் மகளுக்கு இப்படிச் சொல்லலாம்: "அம்மாச்சி, சாணி வாசம் இருக்கும்வரை மாடு அந்தப் புல்லைத் தொடாது, வயித்துக்குள்ள புழு போயிடும். வண்டு வந்து சாணியை மண்ணுக்குள்ள கொண்டுபோனா வாசம் போயிடும். பிறகு அந்தப் பச்சைப் புல்லைத்தான் மாடு முதல்ல தேடும்." அப்பம்மா சொன்னதும் சரிதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஊரில் அந்தக் கூடையை யார் தூக்கினார்கள் என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். வண்டு எத்தனை மிதந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.